மதில் கறைக்கு மருந்து பெயிண்ட் அல்ல

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது விஷயம், 'தோட்டத்துக் காம்பவுண்டு சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது'. மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. எது குறைவு என்று பார்த்துக் கை தூக்குவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். கொடுத்தார். அவருக்கு நன்றி.

'மறுபடி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்போது பொருளாளராக இருந்தவன் நான். வேலை முடிந்தது ஆகஸ்ட் மாதம். இளமஞ்சள் நிறம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றீர்கள். நவம்பர் முடிவதற்குள் சுவர் முழுக்க மேலிருந்து கீழே கறுப்புக் கோடு கோடாக இறங்கிவிட்டது. கண் மை கரைந்து கன்னத்தில் வழிந்தது போல இருக்கிறது என்று சி பிளாக்கிலிருந்து ஒரு பெண் குழந்தை சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

நாங்கள் என்ன செய்தோம்? பெயிண்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டோம். மட்டமான பெயிண்ட் அடித்துவிட்டாய், தண்ணீர் கலந்துவிட்டாய் என்று சொன்னோம். அவருக்குத் தர வேண்டிய பாக்கி 15,000 ரூபாயை நிறுத்தி வைத்தோம். நிறுத்தி வைத்தது நான்தான். அவர் அப்போது சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பெயிண்ட்ல குத்தம் இல்ல சார். செவுத்து தலைய ஏறிப் பாருங்க. தண்ணி போக வழியே இல்ல." நான் ஏறிப் பார்க்கவில்லை. 'வேலையில் குறை' என்று வவுச்சரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் சொன்னது உண்மை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு நின்றுகொண்டிருக்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். தினமும் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறேன். போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் மோட்டார் ரூம் பக்கம் நடந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மோட்டார் ரூமின் கான்கிரீட் சிலாப் அந்த இடத்தில் சுவருக்கு மேலே அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே பத்து அடி நீளத்துக்குச் சுவரில் ஒரு கோடு கூட இல்லை. அடித்த அன்றைக்கு இருந்தது போலவே இளமஞ்சள். அதே சுவர், அதே பெயிண்ட், அதே ஆள், அதே நாள். சிலாப் முடிகிற இடத்திலிருந்து கறுப்பு ஆரம்பிக்கிறது. பெயிண்டில் குறை இருந்தால் இந்தப் பத்து அடியும் கறுத்திருக்க வேண்டுமே? கணக்கில் ஒரு பக்கம் சரியாக இருந்து இன்னொரு பக்கம் இடித்தால், எங்கே வித்தியாசம் என்று தேடுவதுதானே முறை. இங்கே வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். சுவரின் தலைக்கு மூடி இருக்கிறதா, இல்லையா.

கறை எங்கிருந்து வருகிறது

நம் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு சேர்ந்து தலை பத்து அங்குல அகலம் இருக்கிறது. அந்தத் தலையையும் பூசி மட்டமாக விட்டிருக்கிறார்கள். மட்டமான இடத்தில் என்ன சேரும்? தெருப் புழுதி, வாகனப் புகை, காய்ந்த இலை, காக்கை எச்சம். ஒன்பது மாதம் இதெல்லாம் மேலே சேர்கிறது. முதல் மழை வந்ததும் அத்தனையும் கரைந்து சுவர் முகத்தில் இறங்குகிறது. மழைநீர் சேகரிப்பில் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுகிறோம் அல்லவா, அழுக்கு என்பதற்காக? அதே அழுக்குத் தண்ணீரைத்தான் சுவர் முகத்தில் விடுகிறோம்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சுவர் 300 அடி நீளம். பத்து அங்குல அகலம் என்றால் தலையின் பரப்பு 250 சதுர அடி, சுமார் 23 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 23-ஐ 1,400-ஆல் பெருக்கினால் 32,200 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டரைக்கு மேல். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சுவர் குடிக்கும். மீதி அத்தனையும் சுவர் முகத்தில்தான் வழிகிறது. ஓர் அடி சுவருக்கு வருஷத்துக்கு நூறு லிட்டர் அழுக்குத் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கம்பெனி பெயிண்டாக இருந்தால் என்ன?

தண்ணீர் சுவர் முழுக்க ஒரே சீராக வழியாது. தலையில் எங்கே சின்னப் பள்ளம் இருக்கிறதோ, எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே கூடி இறங்கும். ஒரு தடவை இறங்கிய தடம் சொரசொரப்பாகும். அடுத்த மழையும் அதே தடத்தில் இறங்கும். அந்த ஈரத்தில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். காய்ந்ததும் அதுதான் கறுப்பாகத் தெரிகிறது. அதனால் நாம் பார்க்கும் கறையில் பாதி புழுதி, பாதி உயிருள்ள பாசி. மேலே பெயிண்ட் அடித்தால் மறையும். தண்ணீர் வரும் வழி மாறாத வரை அடுத்த மழையில் மறுபடி வரும்.

ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்பதையும் கவனித்திருப்பீர்கள். வடக்கு பார்த்த முகம்தான் மிக மோசம். நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு முகத்தில் வெயில் படவே படாது. நனைவதும் அதிகம், காய்வதும் தாமதம். பாசிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

தலைக்கு மூடி எப்படி இருக்க வேண்டும்

சுவரின் தலையில் வைக்கும் மூடிக்குக் கொத்தனார்கள் 'கோப்பிங்' என்பார்கள். கடப்பா கல்லாக இருக்கலாம், கிரானைட்டாக இருக்கலாம், வார்த்த சிமெண்ட் பலகையாகவும் இருக்கலாம். எந்தப் பொருள் என்பதைவிட நான்கு விஷயம் முக்கியம்.

முதலாவது, நீட்டம். கல் சுவரைவிட அகலமாக இருக்க வேண்டும். நம் பத்து அங்குலச் சுவருக்குப் பதினான்கு அங்குலக் கல். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு அங்குலம் வெளியே நிற்க வேண்டும். சுவரோடு சமமாக வெட்டிய கல்லை வைத்தால் அழகாகத்தான் இருக்கும், பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, வாட்டம். கல் மட்டமாக உட்காரக் கூடாது. பதினான்கு அங்குலத்துக்கு முக்கால் அங்குலமாவது ஒரு பக்கம் சரிய வேண்டும். எந்தப் பக்கம்? நம் தோட்டத்துப் பக்கம். கிழக்கே இருக்கும் தனி வீட்டுக்காரர் இரண்டு தடவை நம்மிடம் வந்து, உங்கள் சுவர்த் தண்ணீர் என் பின்கட்டில் விழுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நம் சுவரில் விழும் மழை நம் மண்ணில் இறங்குவதுதான் நியாயம். இந்த மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். அடுத்தவர் வீட்டுக்கு விடும் தண்ணீரை நம் செடிக்கு விட்டால் இரண்டு வேலையும் ஆகும்.

மூன்றாவது, காடி. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கல்லை நீட்டிவிட்டால் போதும், தண்ணீர் விளிம்பிலிருந்து சொட்டிவிடும் என்று நினைப்போம். சொட்டாது. காபியை டம்ளரிலிருந்து மெதுவாகச் சாய்த்தால் என்ன ஆகிறது? டபராவில் விழாமல் டம்ளரின் வெளிப்பக்கமாக வழிந்து நம் கையில் இறங்குகிறது. தண்ணீருக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. மெதுவாகப் போகும்போது பரப்பை விடாது. விளிம்பு வெளியே வளைந்த டம்ளரில் சாய்த்தால் சுத்தமாக விழும். ஏனென்றால் வழிய வேண்டுமென்றால் தண்ணீர் திரும்பி மேலே ஏறி இறங்க வேண்டும், அது முடியாது.

கல்லுக்கும் அதேதான். விளிம்புக்கு வந்த தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே உள்ளே வந்து சுவரைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க, கல்லின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்ட வேண்டும். அரை அங்குல அகலம், எட்டு பத்து மில்லிமீட்டர் ஆழம், சுவர் முகத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி. தண்ணீர் அந்தக் காடி வரை வரும், தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். வாட்டம் ஒரு பக்கம்தானே, இன்னொரு பக்கம் எதற்கு என்று கேட்கக் கூடாது. காற்றோடு அடிக்கும் மழை எல்லாப் பக்கமும் வரும். காடியைக் கல்லை வைப்பதற்கு முன்னால் தரையில் கவிழ்த்துப் போட்டு வெட்ட வேண்டும். வைத்தபின் வெட்ட முடியாது. வைக்கும்போது பிதுங்கும் கலவை காடிக்குள் புகுந்து அடைத்துவிடாமல் உடனே துடைக்க வேண்டும். அடைத்த காடியும் வெட்டாத காடியும் ஒன்றுதான்.

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடின் அடியை நிமிர்ந்து பாருங்கள். நல்ல மேஸ்திரி கட்டியதாக இருந்தால் ஓரத்தில் ஒரு கோடு ஓடும். அது அழகுக்காக இல்லை. கோயில் சுவரின் மேலே வளைந்து வெளியே நீட்டி இருக்கும் கொடுங்கையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சுவர் முகத்தில் தண்ணீர் வழியாமல் தள்ளி விழ வைக்கிறது. கிராமத்தில் மண் சுவர் எழுப்பினால் அதன் தலையில் பனையோலையோ ஓடோ போர்த்துவார்கள். போர்த்தாவிட்டால் இரண்டு மழையில் சுவர் கரைந்துவிடும். சிமெண்ட் வந்தபின் சுவர் கரையாது என்ற தைரியத்தில் நாம் போர்த்துவதை விட்டுவிட்டோம். சுவர் கரையவில்லை; கறை மட்டும் வந்தது.

நான்காவது, இணைப்பு. கல் மூன்று நான்கு அடித் துண்டுகளாகத்தான் வரும். இரண்டு கல் சேரும் இடத்தில் சிமெண்ட் பால் ஊற்றி மூடினால், வெயிலில் கல் விரிந்து சுருங்கும்போது அது வெடித்துவிடும். அந்த வெடிப்பு வழியே தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கோப்பிங் போட்ட சுவர்களில்கூட இரண்டு மூன்று அடிக்கு ஒரு கோடு கறுப்பாக இறங்கியிருந்தால் அது இந்த இணைப்பு வழியே வந்ததுதான். அதனால் இணைப்பில் வெளிப்புற உபயோகத்துக்கான நெகிழும் சீலண்ட் போட வேண்டும். கல்லை வைப்பதற்கு முன் சுவர்த் தலையில் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடித்துவிட்டால், சீலண்ட் என்றைக்காவது விட்டாலும் தண்ணீர் செங்கல்லுக்குப் போகாது. கல்லும் தூணும் சேரும் மூலையை விசேஷமாகப் பார்க்க வேண்டும். கேட் தூண்களின் தலைக்கும் இதே மாதிரி நீட்டமும் காடியும் வேண்டும்.

அடிப்பகுதியும் நம் பழக்கங்களும்

மேலே எல்லாம் சரியாகச் செய்தாலும் கீழே ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் கறை வரும். அது மேலிருந்து வழிவது அல்ல. தரையில் விழும் மழைத்துளி மண்ணைத் தெறிக்க வைப்பது. கல்லின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் தெறிப்பு இன்னும் அதிகமாகவே இருக்கும். அதற்குச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணைக் கொஞ்சம் எடுத்துவிட்டு முக்கால் ஜல்லி பரப்பினால் போதும். தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிவிடும், தெறிக்காது.

தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செடிக்கு மண் அணைக்கிறேன் என்று சுவரின் மேல் குவிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் செம்பருத்தி வைத்திருக்கும் தொட்டிகளைப் பாருங்கள். தொட்டியின் பின்சுவராக நம் காம்பவுண்டு சுவரையே பயன்படுத்தியிருக்கிறோம். மண்ணின் ஈரம் சுவர் வழியாக ஊறி மறுபக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக நிற்கிறது. தொட்டியின் உட்புறத்துக்கு வாட்டர்ப்ரூஃப் செய்து, தண்ணீர் வெளியேற அடியில் குழாய் வைக்க வேண்டும். அந்தக் குழாய் சுவரோடு சமமாக முடியக் கூடாது. இரண்டு அங்குலமாவது வெளியே நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதன் கீழேயும் ஒரு கறுப்புக் கோடு.

இன்னும் சில விஷயங்கள் நம் கையில்தான் இருக்கின்றன. ஏ.சி. தண்ணீர்க் குழாயைச் சுவரை நோக்கித் திருப்பிவிட்ட மூன்று வீடுகள் இருக்கின்றன. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும். அது கோடையிலும் சுவரை நனைக்கிறது. சுவர்த் தலையில் பூந்தொட்டி வைப்பதும் அப்படித்தான். தொட்டிக்கு அடியிலிருந்து மண் தண்ணீர் தினமும் இறங்குகிறது. முள்கம்பிக்கு நட்ட இரும்புக் குச்சிகளின் அடியில் துரு வழிந்திருக்கிறது. துருக் கறை எளிதில் போகாது. குச்சிகளைச் சுரண்டித் துரு தடுப்புப் பெயிண்ட் அடித்த பிறகே சுவர் வேலையைத் தொட வேண்டும்.

கழுவும்போது

இப்போதைய கறையைப் போக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் பாசி உள்ளே இருந்தபடியே வளர்ந்து பெயிண்டைத் தள்ளும். முதலில் பிளாஸ்டிக் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் சுவரில் தங்கித் துருப்பிடிக்கும். பிறகு ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். செடிகளை முன்கூட்டியே நனைத்து, பாலிதீன் போட்டு மூடிவிட வேண்டும். செய்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆசிட் சிமெண்ட் பூச்சைத் தின்னும். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை, அதையும் தின்னும். ப்ளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது மூச்சுக்கு விஷம். வேலைக்காரரின் உயிரோடு விளையாடக் கூடாது.

கழுவியபின் நல்ல வெயிலில் ஒரு வாரம் காய விட வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தைப் புதிதாகப் பூசினால் ஏழு நாளாவது தண்ணீர் அடித்து, பூசிய நாளிலிருந்து 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட். பச்சைப் பூச்சின் மேல் அடித்தால் சிமெண்டின் காரம் பெயிண்டைக் கெடுத்துவிடும். அதன்பின் வெளிப்புற பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. இதெல்லாம் மாசியிலிருந்து ஆனிக்குள் முடியும்படி வைத்துக்கொண்டால் மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. போன தடவை நாம் ஆகஸ்டில் முடித்தது அதுவே ஒரு தவறு.

வரிசை முக்கியம். முதலில் தலை, பிறகு கழுவுதல், பிறகு பூச்சு, கடைசியில் பெயிண்ட். நாம் கடைசியை மட்டும் செய்தோம்.

கணக்கு

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கொட்டேஷன் காப்பி சங்கத்துக் கோப்பில் இருந்தது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரி, 'கோப்பிங் வித் டிரிப் கட்டிங், 300 அடி, அடிக்கு 280 ரூபாய், மொத்தம் 84,000.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் என் இனிஷியல். 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறேன். டிரிப் கட்டிங் என்றால் என்ன என்று யாரையும் கேட்கவில்லை. அலங்கார வேலை என்று நினைத்தேன். வங்கியில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து, புரியாத வரி எதிலும் கையெழுத்துப் போடாதே என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். புரியாத வரியை அடிப்பதும் புரியாமல் கையெழுத்துப் போடுவது போலத்தான் என்று அப்போது தோன்றவில்லை. 84,000 மிச்சம் பிடித்தேன் என்று அந்தப் பொதுக்குழுவில் நீங்கள் கை தட்டினீர்கள்.

அந்த மிச்சம் எங்கே போனது என்று பாருங்கள். இன்று வந்திருக்கும் கொட்டேஷன்களில் குறைந்தது 95,000, வெறும் கழுவிப் பெயிண்ட் அடிப்பதற்கு. தலையைச் சரிசெய்யாமல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படியே அடித்தால், இன்றைய விலையிலேயே பத்து வருஷத்தில் ஐந்து தடவை, 4,75,000 ரூபாய். கோப்பிங் இன்றைக்கு அடிக்கு 350 கேட்கிறார்கள், 300 அடிக்கு 1,05,000. அதைப் போட்டுவிட்டு, பெயிண்ட் ஐந்து வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் பத்து வருஷத்தில் இரண்டு தடவை, 1,90,000. இரண்டும் சேர்ந்து 2,95,000. வித்தியாசம் 1,80,000. நாற்பத்தெட்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 3,750 ரூபாய். இந்த வருஷம் கூடுதலாகக் கொடுப்பது வீட்டுக்கு 2,200 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

ஒரே தடவையில் முடியாது என்றால் வடக்குச் சுவரின் 90 அடியை மட்டும் இந்த வருஷம் செய்வோம். அதுதான் மிக மோசமாக இருக்கிறது. மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம். ஆனால் தலை சரியாகாத இடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டாம். கறையோடு ஒரு வருஷம் நிற்கட்டும், பரவாயில்லை.

வேலை கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் நான்கு விஷயமும் அளவோடு எழுத்தில் இருக்க வேண்டும்: நீட்டம் இரண்டு அங்குலம், வாட்டம் உள்பக்கம் முக்கால் அங்குலம், காடி இரண்டு பக்கம், இணைப்பில் சீலண்ட். கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஏணியில் ஏறி, ஒரு குடம் தண்ணீரைக் கல்லின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் காடியில் சொட்டி ஜல்லியில் விழுந்தால் பணம் கொடுங்கள். சுவரில் ஒரு துளி வழிந்தாலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். இதற்கு என்ஜினீயர் வேண்டாம், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் போதும். நான் வருகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெயிண்டருக்கு நிறுத்திய 15,000 ரூபாய் நம் கணக்கில் இன்னும் 'இதர பாக்கி' என்ற தலைப்பில் நிற்கிறது. அது அவருடைய பணம். அவர் பெயிண்டில் குறை இல்லை என்பதற்கு மோட்டார் ரூம் பக்கத்துப் பத்து அடி சாட்சி. மூன்று தடவை வந்து கேட்டார், நான் மூன்று தடவையும் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கோப்பிங்குக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்னால் இந்தப் பணத்தைக் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. காசோலையை நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றும் பாக்கி இருக்கிறது, அதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் காபி குடித்துவிட்டு ஐந்து நிமிஷம் மோட்டார் ரூம் வரை நடந்து வாருங்கள். நான் சொன்னதைவிட அந்தச் சுவர் தெளிவாகச் சொல்லும்.